பின்வளவில் ஒரு வாங்கும் ஒரு தொலைபேசியும்

1

எங்கள் வீட்டுப் பின்வளவில், இறைச்சி சுடுகிற அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு மரத்தூணில் தொலைபேசி மாட்டியிருக்கிறது. சுருள் வயர் தொங்குகிற பழைய மாதிரி. மழை படாமலிருக்க அதற்கு மேல் ஒரு சின்னத் தகரக் கூரை. இந்த ரொறொன்ரோ மாநகரத்தில் இப்படி இன்னொரு வீட்டை யாராவது கண்டிருந்தால் எனக்கு அறிவியுங்கள். என் கணவர் தனியாள் இல்லை என்று தெரிந்தால் எனக்கும் ஓர் ஆறுதல்.

வருகிறவர்கள் அடுப்பைப் பார்ப்பதில்லை. தொலைபேசியைத்தான் பார்க்கிறார்கள். "இது வேலை செய்யுதா?" என்று கேட்கிறார்கள். வேலை செய்கிறது. அது ஏன் அங்கே இருக்கிறது என்று ஆளுக்கொரு மாதிரிச் சொல்லிச் சமாளித்து எனக்கும் அலுத்துவிட்டது. போன கிழமை ஊரிலிருந்து இந்திரா தொலைபேசி எடுத்து, ஆரையம்பதியில் அம்மன் கோயில் கதவு திறந்தாயிற்று என்றாள். அப்படியென்றால் ஒரு வருடம் ஓடிவிட்டது. இனியும் ஒளிக்க ஒன்றுமில்லை என்று எழுத உட்கார்ந்துவிட்டேன்.

நான் ஆரையம்பதி. இவர் கதிரவெளி. இரண்டும் மட்டக்களப்புப் பக்கம். இந்திரா இவருடைய ஒரே தங்கை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். எனக்குச் சீதனமாகத் தந்த வீடு ஆரையம்பதியில் பூட்டிக் கிடந்தது. கதிரவெளி இருக்கிற வாகரைப் பக்கம் சண்டை வந்து சனம் எல்லாம் இடம்பெயர்ந்தபோது இந்திரா அந்த வீட்டுக்கு வந்தாள். பிறகு திரும்பிப் போகவில்லை. கடலைப் பார்க்க விருப்பமில்லை என்றாள். என் வீட்டிலிருந்து ஐந்து நிமிடம் நடந்தால் கடல்தான். ஆனால் அது அவளுடைய கடல் இல்லையாம்.

2

இவர் ஒரு காலத்தில் ஆட்களைச் சேர்க்கிற மனுஷன். கனடாவுக்கு வந்த புதிதில், ஒரு அறையில் குடியிருந்தபோதே, போகிற வருகிறவர்களை எல்லாம் சாப்பிடக் கூட்டிவருவார். "இன்னொரு ஆள் வாறார், கொஞ்சம் அரிசி கூடப் போடுங்க" என்பார். அரிசி போட்டு முடிந்த பிறகுதான் சொல்வார். அதற்காக நான் எத்தனை தடவை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு இருந்திருக்கிறேன்.

2004 இல் கிறிஸ்மஸ் அன்று, அந்த நத்தார் இரவும் அப்படித்தான். இவரோடு வேலை செய்கிறவர்கள், பிள்ளைகள், எல்லோரும் கீழ் அறையில். பாட்டுச் சத்தம். இங்கே நத்தார் இரவு என்றால் ஊரில் அடுத்த நாள் ஞாயிறு காலை. சுனாமி என்று கடல் வந்த காலை. விருந்தாளிகளை அனுப்பிவிட்டு மேலே வந்தபோது தொலைபேசியில் சிவப்பு வெளிச்சம் விட்டு விட்டு எரிந்துகொண்டிருந்தது. இந்திரா யாருடைய தொலைபேசியிலிருந்தோ திரும்பத் திரும்ப எடுத்திருக்கிறாள். பதிவானதெல்லாம் ஒரே வசனம்தான். "அண்ணன், எடுங்கண்ணன்."

இவருடைய அம்மாவும் இந்திராவின் கடைசி மகளும் கடலோடு போய்விட்டார்கள்.

முதலாம் மணியிலேயே எடுத்திருந்தாலும் இங்கிருந்து ஒன்றும் செய்திருக்க முடியாது. கடல் வந்துபோன பிறகுதான் அவள் எடுத்தாள். இதை நான் சொன்னேன், டொக்டர் சொன்னார், இந்திராவே சொன்னாள். இவர் தலையை ஆட்டுவார். ஆனால் அன்றிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒருவரையும் சாப்பிடக் கூப்பிடவில்லை. பிறந்தநாள் இல்லை, பொங்கல் இல்லை. பாட்டு வைத்தால் வந்து சத்தத்தைக் குறைப்பார். சமையலறை மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டுக் காது கொடுத்துப் பார்ப்பார். யாரும் அவரைக் கேட்கவில்லை, குற்றம் சொல்லவில்லை. அவராகவே ஒரு தண்டனையை எடுத்து அதற்குள் எங்களையும் இருத்திவிட்டார். எனக்குக் கோபம் வரும். பிறகு அவருடைய முகத்தைப் பார்த்தால் அந்தக் கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று தெரியாது.

3

2009 இன் ஆரம்பத்தில் எங்கள் மகள் அபிக்குத் தூரத்து நகரமொன்றில் பல்கலைக்கழக இடம் கிடைத்தது. விமானத்தில் போகவேண்டிய தூரம். புரட்டாதியில் போய்விடுவாள். அந்தச் சந்தோஷத்தோடு ஒரு நாள் மேசையில் வந்து இருந்து சொன்னாள்.

"அப்பா, நான் போறதுக்கு முதல் ஒரேயொரு நாள் என்ட ஃப்ரெண்ட்ஸையும் அவங்கட அப்பா அம்மாவையும் இஞ்ச கூப்பிடுவமா? பார்பிக்யூ. வீட்டுக்குள்ள வேணாம், பின்னால."

நான் இவரைப் பார்த்தேன். இவர், "பின்னுக்கு இருக்க ஒரு இடமில்லையே. முதல்ல ஒழுங்கா ஒரு இடம் கட்டுவம்" என்றார். அபி ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தாள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அந்த "முதல்ல" எனக்குப் பிடிக்கவில்லை.

வன்னியில் யுத்தத்தின் கடைசி மாதங்கள். அது எப்படிப்பட்ட காலம் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. இங்கேயும் ஒருவராலும் ஒரு இடத்தில் இருக்க முடியவில்லை. இவர் ஊர்வலங்களுக்குப் போவார். ஒரு நாள் அங்கே ஒருவர் "நீங்கள் மட்டக்களப்போ?" என்று கேட்டுவிட்டு வேறு பக்கம் திரும்பி நின்றாராம். கிழக்கு ஆட்கள் பிரிந்துபோனதால்தான் இந்த நிலை என்ற கோபம் அப்போது பலருக்கு இருந்தது. அன்றைக்கு வந்து உடுப்பும் மாற்றாமல் மண்வெட்டியை எடுத்தார். வேலை முடிந்து வந்தால் செய்தி, செய்தி முடிந்தால் பின்வளவு, அதற்கிடையில் தொலைபேசி. பனி கரைந்த ஈர மண்ணை வெட்டிச் சமப்படுத்தி, சதுரக் கல் பதித்து, செங்கல்லால் அடுப்புக் கட்டினார்.

கட்டினார் என்பதைவிடக் கட்டிக் கட்டி உடைத்தார் என்பதுதான் சரி. முதலில் புகை போகிற திசை பிழையாம். கடற்கரையில் பிறந்தவர் அல்லவா, கடதாசியைக் கொளுத்திப் புகை எங்கே சாய்கிறது என்று காலையும் மாலையும் பார்ப்பார். "இஞ்சத்தைக் காத்துக்கு ஒரு சொல்லில்ல. ஊர்லயெண்டா கச்சான் காத்து எப்ப வரும், எங்கால வருமெண்டு தெரியும்" என்று முணுமுணுப்பார். இரண்டாவது அடுப்பு உயரம் கூடிப்போயிற்று. மூன்றாவதை உடைக்கச் சொல்லி நகரசபையிலிருந்தே ஆள் வந்தது.

வந்தது ஒரு இளம் பெண். நாடாவை இழுத்து வேலியிலிருந்து அடுப்புவரை அளந்தாள். கிட்ட இருக்கிறது, தள்ளி வைக்கவேண்டும் என்று மிகவும் மரியாதையாகச் சொன்னாள். பிறகு, இந்த இடத்தை வழமையாக எத்தனை பேர் பாவிப்பீர்கள் என்று கேட்டாள். இவர் ஆங்கிலத்தில் உடனே சொன்ன பதில், "ஒருத்தரும் இல்லை." அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் அடுப்பைப் பார்த்தேன். அவள் போன பிறகு இவர் விசிலடித்துக்கொண்டு செங்கல்லைக் கழற்றத் தொடங்கினார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. இந்த மனுஷன் கட்டி முடிப்பதற்காகக் கட்டவில்லை. அடுப்பு முடிந்தால் ஆட்கள் வந்துவிடுவார்கள்.

4

பக்கத்து வீட்டில் மனுவெல் இருக்கிறார். போர்த்துக்கல்காரர், ஓய்வு பெற்றவர். வேலிக்கு மேலால் தலையை நீட்டி எங்கள் வேலையைப் பார்ப்பதுதான் அந்த வசந்த காலத்தில் அவருடைய பொழுதுபோக்கு. ஒரு நாள் இவர் அடித்து முடித்த இருக்கையைக் காட்டி "பாங்கோ" என்றார். நாங்கள் வாங்கு என்கிறோம் என்றேன். அவருக்கு நம்பமுடியவில்லை. மேசை, அலுமாரி, குசினி என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். உங்கள் ஆட்கள் எங்கள் ஊரில் வந்து கோட்டை கட்டிவிட்டு விட்டுப் போனவை என்றேன். மனிதர் நெஞ்சில் கை வைத்து மன்னிப்புக் கேட்டார். பிறகு வாங்கைப் பார்த்து, இது பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்களுக்கு அடித்தது என்றார்.

உண்மைதான். இவர் மூன்று வாங்கும் ஒரே வரிசையாக, வேலிக்கு முதுகைக் கொடுத்து, வீட்டு வாசலைப் பார்க்க அடித்திருந்தார். அதில் இருக்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. எல்லோரும் எங்கள் பின்கதவைத்தான் பார்க்கவேண்டும். அடுப்போ மற்றப் பக்கம். சமைக்கிறவர் விருந்தாளிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கவேண்டும்.

"ஆக்களக் கூப்பிட்டு வெச்சிட்டு முதுகக் காட்டிட்டு நிக்கிறதா?" என்று கேட்டேன். "வந்த ஆக்கள் ஆளையாள் பாக்கவேணும். இடுப்பில பிள்ளையோட வாறவ அத இறக்கி வெச்சிட்டு இருக்க ஒரு மூலை வேணும். குசினியால சட்டியோட வாற நான் படி ஏறி இறங்காம வரவேணும். இதுதானே வேணும்? மற்றதெல்லாம் கல்லும் சீமெந்தும்."

"அப்பா, இது எயார்போர்ட் மாதிரி இருக்கு" என்று அபியும் ஒத்து ஊதினாள்.

இவர் வாங்குகளைக் கழற்றி ஒரு வளைவாகப் போட்டார். அடுப்பைத் திருப்பினார். ஆனால் அதற்கு ஈடாக ஒரு தூணை நட்டு, வீட்டிலிருந்து குழாய்க்குள்ளால் வயர் இழுத்து, இந்தத் தொலைபேசியை மாட்டினார். கைத்தொலைபேசி இருக்கிறதே என்று அபி கேட்டதற்கு, அதற்குச் சார்ஜ் போய்விடும் என்றார். மணியின் சத்தத்தை ஆக உச்சத்தில் வைத்தார். முதல்முறை அது அடித்தபோது, தன் வளவில் ஏணியில் நின்ற மனுவெல் விழப் பார்த்தார். நானும் அபியும் விழுந்து விழுந்து சிரித்தோம். இவர் சிரிக்கவில்லை. மணி கேட்கிறது என்று திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொண்டார்.

இனி உடைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. அபி ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தாள்.

5

அதற்குள் யுத்தம் முடிந்ததாக அறிவித்துவிட்டார்கள். முடிந்த பிறகுதான் தேடல் தொடங்கியது. அபியின் சிநேகிதி தனுஷாவின் தாய் சுகந்தி யாழ்ப்பாணத்துக்காரி. அவருடைய தம்பி வன்னியில் இருந்தவன். சனத்தை அடைத்துவைத்த முகாம்களின் பட்டியலில் அவனுடைய பெயர் இன்னும் கிடைக்கவில்லை. நான் கூப்பிட எடுத்தபோது நேரடியாகவே சொன்னார். "பிள்ளைகள் வரட்டும் அக்கா. எனக்கு இப்ப நெருப்பு மூட்டி இறைச்சி சுட்டுச் சாப்பிட மனமில்லை. குறை நினையாதேங்கோ." என்ன குறை நினைப்பது? எனக்கே அந்த மனம் இல்லை. ஆனால் அபி போகப்போகிறாள். இந்த வீட்டை வெறும் வீடாகவே நினைவில் வைத்துக்கொண்டு போகப்போகிறாள் என்பதுதான் என்னை அரித்தது.

சனிக்கிழமை ஆட்டிறைச்சியும் கோழியும் வாங்கி, மஞ்சள், மிளகு, தயிர் எல்லாம் பிரட்டி இரண்டு பெரிய சட்டியில் வைத்துவிட்டுக் கையைக் கழுவும்போது இந்திரா எடுத்தாள்.

"மச்சாள், திங்கள் விடியப்புறம் குளிர்த்தி. நான் கோயில்லதான் கிடப்பன், போன் எடுக்காட்டி யோசிக்க வேணாமெண்டு அண்ணனுக்குச் சொல்லுங்க. நீங்க வீட்ட மச்சம் ஒண்டும் வெச்சில்லத்தானே?"

நான் இரண்டு சட்டியையும் பார்த்தேன்.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. கோபத்தோடு வந்த அம்மனைக் குளிரவைக்கிற சடங்குதான் குளிர்த்தி. வருடத்தில் வைகாசியில் மட்டும் கோயில் கதவு திறக்கும். திறந்ததிலிருந்து குளிர்த்தி முடியும்வரை எங்கள் வீட்டில் மச்சம் இல்லை, அதாவது மீன் இல்லை, இறைச்சி இல்லை. வறுப்பதில்லை, பொரிப்பதில்லை. அம்மன் ஏற்கனவே சூட்டில் இருக்கிறாள், அவளுக்கு மேலும் சூடு காட்டக்கூடாது. உலகத்தில் முன்னூற்றுச் சொச்ச நாள் இருக்க, நாங்கள் பிடித்த நாள் அந்த நாள். ஒவ்வொரு வருடமும் எனக்கு முன்கூட்டியே தெரியும். அந்த வருடம் வைகாசி வந்ததையே நான் கவனிக்கவில்லை. தொலைக்காட்சியை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

உண்மையைச் சொன்னேன். இந்திரா கொஞ்சம் யோசித்தாள்.

"தெரியாமச் செஞ்சதுக்கு ஒண்டுமில்ல மச்சாள். தெரிஞ்சாப் பொறகு அடுப்ப மூட்டாதீங்க. நான் அம்மாவுக்கும் சின்னவளுக்குமெண்டுதான் வருசா வருசம் போறன்."

இவரிடம் சொன்னபோது அவருடைய முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். கவலைப்படுகிற மாதிரிக் காட்டிக்கொண்டார், ஆனால் தோள் இரண்டும் இறங்கிவிட்டன. "அப்ப என்ன செய்யிற? ஆக்களுக்கு வரவேணாமெண்டு சொல்லிருவம். மறுகா ஒரு நாளைக்குப் பாப்பம்."

அபி படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். கத்தவில்லை. "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னாள். "இந்த வீட்டில ஆரும் வரமாட்டாங்க. நானும் போனா மறுகா வரமாட்டன்." கதவைச் சாத்தினாள்.

அவள் கோபத்தில் சொன்னாளா உண்மையாகவே சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. அந்தப் பயத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. நான் திரும்பி இவரிடம் சொன்னேன்.

"அடுப்பத்தான் மூட்டக்கூடா. ஆக்கள் வரக்கூடாதெண்டு அம்மன் சொல்லல்ல. வருவாங்க. இருப்பாங்க. அடுப்பு சும்மா கிடக்கட்டும்."

இறைச்சிச் சட்டிகளை வீட்டுக்குள் வைத்திருக்கவும் மனம் கேட்கவில்லை. வேலிக்கு மேலால் மனுவெலிடம் கொடுத்து அவருடைய குளிர்ப்பெட்டியில் வைக்கச் சொன்னேன். புலம்பெயர்வது எங்களுக்குப் புதிதல்ல, அன்றைக்கு ஆடும் கோழியும் புலம்பெயர்ந்தன. காரணம் கேட்டார், சொன்னேன். தங்களுக்கும் பெரிய வெள்ளிக்கு முன்னால் இப்படி உண்டு என்றார். அவர் அன்று சாளை மீன் சுட இருந்தவர், தானும் திங்களுக்குத் தள்ளிவைத்தார்.

பிறகு சுகந்திக்கு எடுத்தேன். "நெருப்பு மூட்டல்ல. சாப்பாடெண்டு பெரிசா ஒண்டுமில்ல, தயிர்ச்சோறும் பானக்கமும். எங்கட ஊர்ல நாளைக்குக் குளிர்த்தி. சும்மா வந்து இரிங்க" என்றேன். "வாறன் அக்கா" என்றார்.

6

வந்தார்கள். பிள்ளைகளுக்கு முதலில் இது என்ன விளையாட்டு என்று விளங்கவில்லை. புத்தம்புது அடுப்பு, கம்பி மினுங்குகிறது, ஒரு துண்டுக் கரிகூட இல்லை. அதன் மேல் நான் பானக்கக் குடத்தை வைத்திருந்தேன். அபி எல்லோருக்கும் ஆங்கிலத்தில் விளக்கம் கொடுத்தாள். அம்மன் இன்றைக்குச் சூட்டில் இருக்கிறாள், ஆகவே இந்த வீட்டில் இன்று யாரும் எதையும் சூடாக்கக்கூடாது என்றாள். அரைவாசி சரி. அதைக் கேலியாகச் சொல்லாமல் தன்னுடைய வீட்டுச் சங்கதியாகச் சொன்னாளே, அது எனக்குப் போதும்.

வத்தகப்பழம், வெள்ளரிக்காய், தயிர்ச்சோறு. மனுவெல் தன்னுடைய கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். எங்கள் வாங்கில் அவருக்கு நம்பிக்கையில்லை. சுகந்தி வளைவின் மூலையில் வந்திருந்தார். யாரும் அவரிடம் தம்பியைப் பற்றிக் கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் அவராகவே சொல்லத் தொடங்கினார், சின்ன வயதில் அவன் செய்த குழப்படிகளை. முகம் பார்த்துக் கேட்க எதிரில் ஆட்கள் இருந்தார்கள். வளைவாகப் போட்டது வீண்போகவில்லை.

இவர் மட்டும் இருக்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். "இருங்க" என்று யாராவது சொன்னால், "ஓம் ஓம்" என்று கோப்பையை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய் வருவார். திரும்பவும் தூண்.

பின்னேரம் மணி அடித்தது. அந்த உச்சச் சத்தத்தில் எல்லோரும் திடுக்கிட்டார்கள். முதலாவது மணி முடியுமுன் இவர் எடுத்துவிட்டார். அங்கே விடியச் சாமம். அந்த நேரத்தில் வருகிற அழைப்பு எப்படிப்பட்டதென்று எங்களுக்குத் தெரியும்.

"அண்ணன், கேளுங்கண்ணன், குளிர்த்தி பாடுறாங்க."

அவள் அங்கே தொலைபேசியைக் கோயில் பக்கம் நீட்டியிருக்கவேண்டும். இவர் இங்கே எங்கள் பக்கம் நீட்டினார். இரைச்சலுக்குள்ளால் உடுக்கும் பாட்டும் கேட்டன. பிள்ளைகள்கூட வாயை மூடிக்கொண்டார்கள். சுகந்தி எழுந்துவந்து காதைக் கிட்ட வைத்துக் கேட்டார். அவருக்கு அது பழக்கமான பாட்டு இல்லை. கண்ணால் நீர் ஓட ஓட நின்று கேட்டார்.

பாட்டு ஓய்ந்ததும் இந்திரா கேட்டாள். இவர் காதிலிருந்து தள்ளிப் பிடித்திருந்தபடியால் எங்களுக்கும் கேட்டது.

"என்னண்ணன், ஆக்கள்ட சத்தம் கேக்குது?"

இவர் பிடிபட்ட ஆளின் குரலில், "ஓம், கொஞ்சப் பேர் வந்திருக்காங்க" என்றார்.

"வீட்டயா?"

"ஓம்."

அபி என் கையைப் பிடித்தாள்.

"நல்லம்" என்றாள் இந்திரா. "அப்ப நான் வெக்கிறன். நீங்க போய் அவங்களோட இரிங்க."

"வேற ஒண்டுமில்லயா? ஒண்டும் நடக்கல்லயே?"

"ஒண்டுமில்லண்ணன். சும்மாதான் எடுத்த."

இவர் தொலைபேசியை மாட்டினார். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். அபி வாங்கில் தள்ளியிருந்து பக்கத்தில் இடம் விட்டாள். "அப்பா, இஞ்ச இரிங்க." இவர் வந்து இருந்தார். ஐந்து வருடமாக நான் பார்க்காத மாதிரி, காலை நீட்டி, இரண்டு கையையும் மடியில் போட்டுக்கொண்டு இருந்தார். மனுவெலிடம் சாளைக்கு உப்பு மட்டும் போதுமா, எலுமிச்சை விடவேண்டுமா என்று கேட்டார். நான் பானக்கம் எடுக்கிற சாட்டில் அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதேன்.

7

அடுத்த நாள் பின்னேரம் அடுப்பு மூட்டினோம். இறைச்சி வேலிக்கு மேலால் திரும்பி வந்தது, சாளையும் கூடவே வந்தது. புகை நேராக எங்கள் குசினி ஜன்னலுக்குள் போயிற்று. அத்தனை கடதாசி கொளுத்திப் பார்த்தும் காற்று இவரை ஏமாற்றிவிட்டது. இவர் உடைக்கவில்லை. ஜன்னலைச் சாத்தினார்.

அபி புரட்டாதியில் போனாள். சுகந்தியின் தம்பியைப் பற்றி இன்னும் தகவல் இல்லை. அவர் சில ஞாயிறுகளில் வருகிறார், மூலையில் இருக்கிறார், கதைக்கிறார், போகிறார். இவர் பழையபடி அரிசி போட்ட பிறகு ஆள் கூட்டிவருகிறார். நானும் பழையபடி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறேன்.

தொலைபேசியைக் கழற்றிவிடுவோமா என்று போன மாதம் இவர்தான் கேட்டார். வருகிறவர்கள் சிரிக்கிறார்களாம். நான் வேண்டாம் என்றேன். அபி ஞாயிற்றுக்கிழமைகளில் எடுக்கிறேன் என்று சொன்னவள். முதலில் ஒவ்வொரு ஞாயிறும் எடுத்தாள், பிறகு ஒன்றுவிட்டு ஒன்று. இப்போது பரீட்சை என்கிறாள், வேலை என்கிறாள். அவளுக்கும் அங்கே கூடியிருக்க ஆட்கள் கிடைத்திருப்பார்கள், பாட்டுச் சத்தத்தில் நேரம் போவது தெரிந்திருக்காது. நல்லம் என்றுதான் நானும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பின்வளவு நிறைய ஆட்கள். எங்கே வேண்டுமானாலும் இருங்கள் என்று எல்லோருக்கும் சொல்கிறேன். தொலைபேசித் தூணுக்குப் பக்கத்து இடத்தில் மட்டும் ஒருவரையும் இருக்க விடுவதில்லை, அதில் நான் இருக்கிறேன்.